கலியாணமா? ராஜிநாமாவா?

ஒரு உத்தியோகத்திற்கு ஆள் எடுக்கும்போது, வருகிறவருக்குப் படிப்பு இருக்கிறதா, புத்தி இருக்கிறதா, உடம்பு திடமாயிருக்கிறதா, கைச்சுத்தம் உண்டா என்று பார்ப்பது நியாயம். அதை யாரும் ஆக்ஷேபிக்க மாட்டார்கள். ஆனால் இவையெல்லாம் இருந்தும், பரீட்சையில் முதலாவதாகத் தேறியிருந்தும், "நீ எப்பொழுதாவது கலியாணம் செய்துகொண்டால் வேலையை ராஜிநாமாச் செய்துவிட வேண்டும், சம்மதமானால் இதில் கையெழுத்துப் போடு" என்று ஒரு சர்க்காரே காகிதத்தை நீட்டுமானால் அதற்கு என்ன பெயர் சொல்லுவது? இது ஏதோ மடத்திலோ, கன்னிகாஸ்திரீகளின் ஆசிரமத்திலோ நடந்த காரியமல்ல. சுயராஜ்யம் வந்துவிட்டது என்று கொடி ஏற்றி இரண்டு வருஷமாவதற்குள், 1949ல், இந்திய சர்க்காரின் வெளிநாட்டு இலாகாவில் நடந்த காரியம். கையெழுத்துப் போட்டவர் குடகு நாட்டைச் சேர்ந்த சி. பி. முத்தம்மா அம்மையார். அவரோடு கூடச் சேர்ந்த ஆண்பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட காகிதம் கேட்கப்படவில்லை. ஆண்பிள்ளைக்குக் கலியாணம் ஒரு அலங்காரம். பெண்ணுக்கு அது ஒரு குற்றம் என்பதுதான் இதன் அர்த்தம்.

இந்த அம்மையாரைப் பற்றி நம் தோழர்களில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். சினிமாக்காரிகளுடைய பிறந்த நாள் தெரிந்த அளவுக்கு இவர்களுடைய பெயர் தெரியாமலிருப்பது நமது பத்திரிகைகளின் யோக்கியதையைக் காட்டுவதாகும். 1924ல் வீராஜ்பேட்டையில் பிறந்தவர். தகப்பனார் காட்டிலாகா உத்தியோகஸ்தர். பெண்ணுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் இறந்து போனார். நாலு குழந்தைகளோடு தாயார் தனியாக நின்றார். இந்த நிலையில் ஒரு ஸ்திரீ நின்றால் நம் ஊர்களில் என்ன செய்வார்கள் என்பதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. "விதி" என்பார்கள், மூலையில் உட்காரு என்பார்கள், பெண் குழந்தையைச் சீக்கிரம் எவன் கையிலாவது பிடித்துக் கொடுத்துவிடு என்பார்கள். அந்தத் தாயார் அப்படிச் செய்யாமல் நாலு குழந்தைகளையும் படிக்க வைத்தார். முத்தம்மா மெர்க்காராவில் பள்ளிப்படிப்பை முடித்துச் சென்னைக்கு வந்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துத் தங்கப் பதக்கங்கள் வாங்கினார். பிறகு பிரசிடென்சி கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம். ஏ. படித்துத் தேறினார்.

1948ல் யூனியன் பப்ளிக் சர்வீஸ் கமிஷன் பரீட்சை எழுதினார். அந்தப் பரீட்சையில் தேறிய முதல் பெண் இவர்தான். வெளிநாட்டு சர்வீஸுக்குத் தேறியவர்கள் பட்டியலில் முதலிடம். அதற்கு முன் நடந்த நேர்முகப் பரீட்சையில் நடந்த வேடிக்கையைக் கேளுங்கள். கமிஷனின் தலைவர், "இந்த சர்வீஸ் உனக்கு வேண்டாம்" என்கிற தோரணையில் அவரைத் திருப்பிவிடப் பார்த்தாராம். அது மாத்திரமல்ல. பிறகு ஒரு சமயம் அவரே அம்மையாரைப் பார்த்து, தன் செல்வாக்கை உபயோகித்து நேர்முகப் பரீட்சையில் எவ்வளவு குறைவாக மார்க்கு கொடுக்க முடியுமோ அவ்வளவு குறைவாகக் கொடுக்கச் செய்ததாக வாய்விட்டுச் சொன்னாராம். இதை நாம் கட்டிச் சொல்லவில்லை. அம்மையார் பின்னாளில் சுப்ரீம் கோர்ட்டில் போட்ட மனுவிலேயே எழுதியிருக்கிறார்.

"தகுதி, திறமை" என்று எதற்கெடுத்தாலும் கூப்பாடு போடுகிற கூட்டத்தார் இந்த இடத்தில் சற்று நின்று பதில் சொல்ல வேண்டுமென்று விரும்புகிறோம். வேண்டுமென்றே மார்க்கைக் குறைத்தும் முதலிடம் வந்தவருக்குத் தகுதி இருந்ததா இல்லையா? அளவுகோலைப் பிடித்துக்கொண்டிருந்தவரே அதை வளைத்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும்போது தகுதி யாரிடம் குறைவாயிருந்தது? இவர்களுடைய தராசில் எடைக்கல் எப்பொழுதும் அவர்கள் சட்டைப்பையில்தான் இருக்கும் போலிருக்கிறது.

இதைவிடப் பெரிய வேடிக்கை ஒன்று உண்டு. முத்தம்மாவுக்கு வெளிநாட்டு சர்வீஸ் பெண்ணுக்கு லாயக்கானதல்ல என்று சொல்லப்பட்டது. இரண்டு மூன்று வருஷம் கழித்து, 1951ல், அன்னா ராஜம் என்கிற மற்றொரு பெண்மணி ஐ. ஏ. எஸ்.ஸுக்குத் தேறி வந்தார். அவரும் சென்னையில் படித்தவர். அவரிடம், "கலெக்டர் உத்தியோகம் பெண்ணுக்கு லாயக்கில்லை, வெளிநாட்டு சர்வீஸுக்குப் போ, அதுதான் பெண்களுக்குப் பொருத்தம்" என்று புத்தி சொன்னார்கள்! அதாவது ஒரு பெண் எந்தக் கதவண்டை வந்து நிற்கிறாளோ அந்தக் கதவு அவளுக்கு ஆகாது. மற்ற கதவு ஆகும். அந்த மற்ற கதவண்டை போனால் இது ஆகாது, அது ஆகும். ஜோசியன் சொல்லும் சூலம் கூட இவ்வளவு சௌகரியமாய்த் திசை மாறாது. அந்த அம்மையார் அசையவில்லை. ஐ. ஏ. எஸ்.ஸிலேயே சேர்ந்து, சென்னை மாகாணத்தில் ஓசூர் சப்-கலெக்டராகி, காரியங்களை நடத்திக் காட்டினார்.

நிற்க. தூதர் உத்தியோகம் என்றால் என்ன என்று கிராமத்துத் தோழர்கள் கேட்கலாம். நம் நாட்டுக்காக வேறொரு நாட்டின் தலைநகரத்தில் போய் உட்கார்ந்திருப்பது. அங்கே நடக்கிற சங்கதிகளை உள்ளும் புறமும் அறிந்து இங்கே எழுதுவது. ஒப்பந்தங்களைப் பேசி முடிப்பது. அந்த நாட்டில் அகப்பட்டுக் கொண்ட நம்மவர்களுக்கு வேண்டிய ஒத்தாசை செய்வது. இரண்டு சர்க்காருக்கும் மனத்தாங்கல் வந்தால் வார்த்தை தடிக்காமல் பார்த்துக்கொள்வது. இவற்றில் எந்தக் காரியத்துக்கு மீசை அவசியம் என்று நமக்கு விளங்கவில்லை. உள்ளதைச் சொன்னால், கூட்டுக் குடும்பத்தில் மாமியாருக்கும் நாத்திக்கும் ஓரகத்திக்கும் நடுவில் வாழ்ந்து பழகிய நம் பெண்களுக்கு இந்த வித்தையை ஐரோப்பாவிலிருந்து யாரும் வந்து கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை.

இனி அந்தச் சட்டத்துக்கு வருவோம். 1950ல் அரசியல் சட்டம் அமுலுக்கு வந்தது. அதன் 16-வது ஷரத்து, சர்க்கார் உத்தியோக விஷயத்தில் ஆண் பெண் என்கிற காரணத்துக்காக யாரையும் ஒதுக்கக்கூடாது என்று தெளிவாய்ச் சொல்லுகிறது. அதற்குப் பிறகு முழுசாய்ப் பதினோரு வருஷம் கழித்து, 1961ல், வெளிநாட்டு சர்வீஸுக்கு விதிகள் எழுதினார்கள். கலியாணமான எந்தப் பெண்ணும் இந்த சர்வீஸில் நியமனத்தை உரிமையாகக் கேட்க முடியாது என்று ஒரு விதி. சர்வீஸில் இருக்கிற பெண் கலியாணம் செய்துகொள்வதற்கு முன் சர்க்காரிடம் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். கலியாணத்துக்குப் பிறகும், அவளுடைய குடும்ப, வீட்டுப் பொறுப்புகள் உத்தியோகத்துக்கு இடைஞ்சலாகும் என்று சர்க்காருக்குத் தோன்றினால் எப்பொழுது வேண்டுமானாலும் ராஜிநாமாச் செய்யச் சொல்லலாம் என்று மற்றொரு விதி. இடைஞ்சலாய் இருந்தது என்று ருஜுவாக வேண்டியதில்லை. இருக்கக்கூடும் என்று தோன்றினால் போதும்!

இவ்விதிகளை எழுதினவர்கள் பஞ்சாங்கம் பார்க்கும் பட்டிக்காட்டுக் கிழவர்களா? இல்லை. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் பார்த்தவர்கள் நிறைந்த இலாகா. அந்த இலாகாவுக்கு அப்பொழுது மந்திரி, பிரதம மந்திரியாகவும் இருந்த பண்டித நேரு அவர்களே. அவருடைய சகோதரி விஜயலட்சுமி பண்டிட் அம்மையார் 1947ல் மாஸ்கோவுக்கும், 1949ல் வாஷிங்டனுக்கும் தூதராய்ப் போனார். 1954 முதல் 1961 வரை லண்டனில் ஹைகமிஷனராய் இருந்தார். அவர் மூன்று பெண்களுக்குத் தாயார். திறமைசாலி என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. ஆனால், மூன்று குழந்தை பெற்ற தாயார் உலகத்தின் மிகப்பெரிய தலைநகரங்களில் உத்தியோகம் பார்க்கலாம் என்பதைத் தங்கள் வீட்டிலேயே கண்டவர்கள், பரீட்சை எழுதி வருகிற மற்றவர் வீட்டுப் பெண்ணுக்குத் தாலி ஏறினால் புத்தி மழுங்கிவிடும் என்று எப்படி எழுதினார்கள்? சிபாரிசில் போகிறவர்களுக்கு இல்லாத வீட்டுப் பொறுப்பு பரீட்சையில் போகிறவர்களுக்கு மாத்திரம் வந்துவிடுமா?

நம்மைக் கேட்டால், இந்த விதி ஒரு விதத்தில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது என்று சொல்லுவோம். கலியாணம் என்பது பெண்ணை வீட்டுக்குச் சம்பளமில்லாத ஆளாக்குகிற ஏற்பாடு என்று சுயமரியாதைக்காரர்கள் மேடைக்கு மேடை சொன்னபோது, குடும்பத்தைக் கெடுக்கிறவர்கள், நாஸ்திகர்கள் என்று வைதார்கள். கலியாணம் என்பது புனிதம், தெய்வீகம், இரண்டு ஆத்மாக்களின் சேர்க்கை என்றார்கள். ஆனால் சர்க்கார் விதி எழுத உட்கார்ந்தபோது உண்மை வெளியே வந்துவிட்டது. இரண்டு பேர் சேர்ந்து செய்துகொள்ளும் ஒரு காரியத்தினால் ஒருவருக்கு மாத்திரம் பொறுப்பு ஏறுகிறது, மற்றவருக்கு ஒன்றும் ஏறுவதில்லை என்றால் அந்தக் காரியத்தின் லட்சணம் என்ன? சமையலும், துணியும், பிள்ளையும், நோயாளியும் பெண் தலையில்தான் விழும், ஆண்பிள்ளை கையை வீசிக்கொண்டு ஆபீசுக்கு வருவான் என்பதைச் சர்க்கார் ஒப்புக்கொண்டு கெஜட்டிலேயே அச்சுப்போட்டுவிட்டது. நாம் சொன்னால் துவேஷம். அவர்கள் எழுதினால் சட்டம். நோய் இன்னதென்று சரியாய்க் கண்டுபிடித்தவர்கள் மருந்து என்ன கொடுத்தார்கள் என்றால், வீட்டு வேலையில் பாதியை ஆண்பிள்ளை பார்க்கட்டும் என்று சொல்லவில்லை. பெண்ணை ஆபீசை விட்டு வெளியே போ என்றார்கள்.

இன்னும் பாருங்கள். தூதர் உத்தியோகத்தில் கலியாணமான ஆண்பிள்ளைக்குச் சர்க்காருக்கு இரட்டை லாபம். விருந்து கொடுப்பது, வந்தவர்களை உபசரிப்பது, மற்ற தூதர்களின் மனைவிமார்களோடு பழகிச் சங்கதி அறிவது ஆகிய இவ்வளவையும் அவன் மனைவி காலணா சம்பளமில்லாமல் செய்கிறாள். அமெரிக்காவில் 1972 வரையில் உத்தியோகஸ்தனுடைய வருஷாந்தர ரிப்போர்ட்டில் அவன் மனைவி எப்படி உபசரிக்கிறாள் என்பதையும் சேர்த்து எழுதி வந்தார்கள். பெண் தன் சொந்தப் புத்தியால் உத்தியோகம் பார்த்தால் கலியாணம் இடைஞ்சல். புருஷனுடைய உத்தியோகத்துக்கு இனாமாய் உழைத்தால் கலியாணம் அனுகூலம்!

வெள்ளைக்காரர்களும் இதில் யோக்கியர்களல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இங்கிலாந்தில் 1946ல்தான் பெண்களைத் தூதர் சர்வீஸில் சேர்த்தார்கள். கலியாணம் செய்தால் விலக வேண்டுமென்ற தடை 1973 வரை இருந்தது. நம்மவர்கள் இங்கிலீஷ்காரனிடமிருந்து கற்றுக்கொள்ள எத்தனையோ நல்ல காரியங்கள் இருக்க, இதைத்தான் பொறுக்கி எடுத்துக்கொண்டார்கள் போலும். இதற்கு மாறாக, ருஷியாவில் அலெக்சாண்ட்ரா கொலந்தாய் என்ற பெண்மணி 1924லேயே நார்வேயில் தம் நாட்டின் பிரதிநிதியாய் இருந்தார். பிறகு மெக்ஸிகோவிலும், 1930 முதல் 1945 வரை சுவீடனிலும் இருந்தார். கலியாணமும் செய்துகொண்டவர், பிள்ளையும் பெற்றவர். அதனால் ருஷியா முழுகிப் போய்விடவில்லை.

முத்தம்மா அம்மையார் பாரிசில் உத்தியோகத்தை ஆரம்பித்தார். தமிழர்கள் ஏராளமாய் வாழ்ந்த ரங்கூனிலும், லண்டனிலும், டில்லி தலைமை ஆபீசிலும் வேலை பார்த்தார். 1970ல் ஹங்கேரிக்கு ஸ்தானிகராய் நியமிக்கப்பட்டார். பரீட்சை எழுதி சர்வீஸில் சேர்ந்து படிப்படியாய் ஏறி ஸ்தானிகரான முதல் இந்தியப் பெண் இவரே. எஜமானர்களாயிருந்த இங்கிலீஷ்காரர்கள் தங்கள் முதல் பெண் ஸ்தானிகரை அனுப்பியது 1976ல்தான். அதன் பிறகு ஆப்பிரிக்காவில் கானா நாட்டுக்கும் இவர் ஸ்தானிகராய்ப் போனார்.

இவ்வளவு காலம் உழைத்தவருக்கு மேல் கிரேடு உயர்வு வரவேண்டிய சமயத்தில், தகுதி போதாது என்று சொல்லிவிட்டு அவருக்குக் கீழே இருந்தவர்களை மேலே தூக்கினார்கள். மற்றவர்களாயிருந்தால், பென்ஷனுக்கு இன்னும் நாலு வருஷம்தானே, வாயை மூடிக்கொண்டிருப்போம் என்று இருந்திருப்பார்கள். தூதர்களுக்குப் பழக்கமே மெதுவாய்ப் பேசுவதுதான். இந்த அம்மையாரோ தன்னுடைய சர்க்கார் பேரிலேயே சுப்ரீம் கோர்ட்டில் மனுப்போட்டார். தனக்கு உயர்வு கிடைக்காததை மாத்திரம் சொல்லவில்லை. சேரும்போது மார்க்கைக் குறைத்தது முதல், கையெழுத்து வாங்கியது, 1961ம் வருஷத்து விதிகள், இலாகாவில் பெண்கள் பேரில் இருந்துவந்த துவேஷம் வரையில் எல்லாவற்றையும் எடுத்து வைத்தார்.

மனு கோர்ட்டில் இருக்கும்போதே சர்க்கார் ஒரு காரியம் செய்தது. அம்மையாருக்குத் திடீரென்று தகுதி வந்துவிட்டதாகக் கண்டு உயர்வு கொடுத்துவிட்டது! சில மாதங்களுக்கு முன் இல்லாத தகுதி எந்தக் கடையில் வாங்கப்பட்டது என்று கேட்டால் பதில் இல்லை. பிறகு கோர்ட்டில் வந்து, உயர்வுதான் கொடுத்துவிட்டோமே, இரண்டு விதிகளில் ஒன்றை 1973லேயே எடுத்துவிட்டோமே, மற்றதையும் எடுக்கப் போகிறோமே, ஆகையால் மனுவுக்கு வேலையில்லை என்றார்கள்.

1979 செப்டம்பர் 17ந் தேதி நீதிபதி கிருஷ்ணய்யர் தீர்ப்புச் சொன்னார். பெண்ணுக்குக் கலியாணத்தினால் வேலை கெடுமென்றால் ஆணுக்கும் அதே கேடு வரலாமே, அவனிடம் ஏன் அனுமதி கேட்கவில்லை என்று கேட்டார். பெண்ணை விலங்கு பூட்டி வைக்கிற ஆண் ஆதிக்க நாகரிகத்தின் மிச்சம் இது என்று சாடினார். அம்மையாரைத் தாண்டிப் போனவர்கள் விஷயத்தில் அவருடைய சீனியாரிட்டியை மறுபடியும் திறந்த மனதோடு பரிசீலிக்க வேண்டுமென்றும், இப்படிப்பட்ட களங்கமுள்ள விதிகள் எந்த சர்வீஸில் இருந்தாலும் ஒவ்வொருவராய் மனுப்போடும் வரையில் காத்திராமல் சர்க்காரே சலித்து எடுத்துவிட வேண்டுமென்றும் சொன்னார். இவ்வளவையும் சொல்லிவிட்டு மனுவைத் தள்ளுபடி செய்தார். உயர்வு கொடுத்தாகிவிட்டபடியால் தள்ளுபடி. ஜெயித்தவருக்குத் தள்ளுபடி என்று பெயர். தோற்ற சர்க்காருக்கு ஜெயம் என்று பெயர். கோர்ட்டு பாஷை அப்படி.

அந்தத் தீர்ப்பிலும் நமக்குப் பிடிக்காத ஒரு இடம் உண்டு. எல்லா வேலைகளிலும் எல்லா நிலைமைகளிலும் ஆணும் பெண்ணும் சமம் என்று தாம் பொதுவாய்ச் சொல்லவில்லை, சில வேலைகளுக்கு வித்தியாசம் தேவைப்படலாம் என்று நீதிபதி ஒரு சந்து வைத்துவிட்டுப் போனார். வித்தியாசத்தைக் காட்டி ருசுப்பிக்க வேண்டும் என்றும் சேர்த்துத்தான் சொன்னார். ஆனாலும் நம் நாட்டில் சந்து வைத்தால் அதன் வழியாய் யானையே போய்விடும். அப்படித்தான் ஆயிற்று. இரண்டே வருஷத்தில், 1981ல், ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட், முதல் பிரசவத்தோடு வேலையை விட்டுப் போக வேண்டுமென்ற விதியை ரத்து செய்துவிட்டு, சேர்ந்த நாலு வருஷத்துக்குள் கலியாணம் செய்யக்கூடாது என்ற விதியைச் சரி என்று விட்டுவிட்டது.

தீர்ப்பு வந்தபோது முத்தம்மா அம்மையாருக்கு வயது ஐம்பத்தைந்து. அந்தத் தீர்ப்பே அவரை "மிஸ் முத்தம்மா" என்றுதான் குறிப்பிடுகிறது. கலியாணத் தடை போனதால் அவருக்குச் சொந்தத்தில் வரப்போகிற லாபம் ஒன்றுமில்லை. பின்னால் வருகிறவர்களுக்காகத்தான் அந்த விதியையும் இழுத்தார் என்பதை இதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நெதர்லாந்தில் ஸ்தானிகராய் இருந்து 1982ல் ஓய்வு பெற்றார். அணு ஆயுதங்களைக் குறைப்பது பற்றி யோசிக்க சுவீடன் தேசத்து ஓலாஃப் பால்மே தலைமையில் கூடிய சர்வதேசக் கமிஷனில் இந்தியாவிலிருந்து அங்கத்தினராயும் இருந்தார். உத்தியோக வாழ்க்கையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். குடகு நாட்டுச் சமையலைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். அடுப்பங்கரை தெரிந்த பெண்ணுக்கு ராஜதந்திரம் வராது என்று நினைக்கிறவர்கள் அதை வாங்கிப் பார்க்கலாம். 2009 அக்டோபரில் பெங்களூரில் காலமானார். அவர் கண்மூடுவதற்குச் சில வாரங்களுக்கு முன், அந்த வெளிநாட்டு இலாகாவுக்கே தலைமைக் காரியதரிசியாய் நிருபமா ராவ் என்ற, கலியாணமான பெண்மணி வந்து உட்கார்ந்தார்.

இனி அந்த "சலித்து எடுக்க வேண்டும்" என்ற உத்தரவு என்ன ஆயிற்று என்பதைப் பார்ப்போம். ராணுவத்து நர்சு சர்வீஸில், கலியாணம் செய்துகொண்டால் வேலையிலிருந்து விலக்கலாம் என்று 1977ம் வருஷத்து உத்தரவு ஒன்று இருந்தது. முத்தம்மா தீர்ப்பு வந்தபோது அது இரண்டு வயதுக் குழந்தை. அதை யாரும் சலிக்கவில்லை. 1988ல் ஒரு நர்சு அதிகாரி கலியாணம் செய்துகொண்டார், வேலை போயிற்று. அந்த உத்தரவை வாபஸ் வாங்கியது 1995ல். வேலை இழந்த அம்மாள் கேசு நடத்தி, நடத்தி, 2024 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் அவருக்கு அறுபது லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. சர்க்கார் பக்கத்து வக்கீல்கள் அந்தக் கடைசி நாள் வரையில், விலக்கியது சரிதான் என்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.